நான்கு வருடம், ஒரு ஏர் கன், ஏழு டப்பா ஈயக்குண்டு

கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தென்னை உண்டு. அதை ஒட்டிய சாய்ப்பில்தான் தேங்காயும் கொப்பரையும் கிடக்கும். 2021 ஐப்பசித் துலாமழைக் காலத்தில் எலித்தொல்லை தாங்க முடியவில்லை. மரத்தில் குரும்பையை ஓட்டை போட்டுத் தள்ளும், கீழே வந்தால் கொப்பரை. விஷம் வைக்க மனம் வரவில்லை, வீட்டில் நாயும் கோழியும் இருக்கின்றன. அப்போது வாங்கியதுதான் இந்த ஸ்பிரிங் ஏர் கன், ஸ்பிரிங் அழுத்தும் காற்றால் ஈயக்குண்டைத் தள்ளும் துப்பாக்கி. குழலின் விட்டம் 4.5 மி.மீ. விட்டம் அதற்கு மேல் போகாமல், குண்டு புறப்படும் ஆற்றலும் 20 ஜூல் அளவைத் தாண்டாமல் இருந்தால் 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டாம். என்னுடையது அதில் பாதியைக்கூட எட்டுமா என்பது சந்தேகமே.

வெளிநாட்டில் ரைபிள் வைத்திருப்பவர்கள் தோட்டா உறையில் தாங்களே வெடிமருந்து நிரப்பி, எந்தக் குண்டு எந்த விலங்குக்கு என்று மாதக்கணக்கில் ஆராய்வார்கள். நமக்கு அந்த வேலையெல்லாம் இல்லை, ஏர் கன்னில் மருந்தே கிடையாது. மாற்ற முடிந்தது குண்டு ஒன்றுதான். அது எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது.

முதலில் வாங்கியது கூர்மூக்குக் குண்டு, அதுவும் கனமானது, 0.67 கிராம். கூர்மையாக இருந்தால் நன்றாகத் துளைக்கும், கனம் இருந்தால் அடி பலமாக விழும் என்பது என் கணக்கு. நடந்தது வேறு. பலம் குறைந்த ஸ்பிரிங்கில் கனமான குண்டு மெதுவாகப் போய்ச் சீக்கிரமே தாழ்ந்தது. டப்பாவுக்குள் உருண்டு உருண்டு கூர்முனை ஒரு பக்கம் லேசாக மழுங்கியிருக்கும், அது போதும் வழி விலக. 15 மீட்டரில் ஐந்து குண்டு சுட்டால் உள்ளங்கை அளவுக்குச் சிதறும். எலியின் தலை எவ்வளவு பெரிசு? காயத்தோடு ஓடிப்போன இரண்டு எலிகளை நினைத்தால் இன்றைக்கும் சங்கடம்தான். அதோடு அந்த டப்பாவை மூடி வைத்துவிட்டேன்.

அப்புறம் தட்டை மூக்கு. 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்றாரே, அந்த 10 மீட்டர் போட்டியில் சுடுவது இந்த வகையைத்தான். தாளில் பஞ்சிங் மிஷின் போட்டது போல வட்டமாக வெட்டும். சாய்ப்புக்குள் 8 மீட்டர், 10 மீட்டருக்கு இதைவிட நல்லது நான் பார்த்ததில்லை. அதற்கு மேல் காற்றுத்தடையில் வேகம் சட்டென்று விழுந்துவிடும்.

கடைசியில் நிலைத்தது 0.53 கிராம் உருண்டை மூக்கு. இதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தலையின் விட்டம் 4.50, 4.51, 4.52 மி.மீ. என்று தனித்தனி டப்பாவில் வரும். என் குழலுக்கு 4.50 தொளதொளவென்று இருக்கிறது. 4.52 அழுத்தி ஏற்ற வேண்டும், ஆனால் ஐந்து குண்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் விழும். உங்கள் குழலுக்கு இதுவே நேர்மாறாக இருக்கலாம், சுட்டுப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. டப்பா மாற்றினால் முதல் இருபது குண்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள், குழல் புது ஈயத்துக்குப் பழகட்டும்.

மில்லிகிராம் காட்டும் சின்னத் தராசு வாங்கி ஒரு டப்பாவை முழுக்க நிறுத்தும் பார்த்தேன். மலிவான குண்டில் 0.49 முதல் 0.55 வரை இருந்தது. தரமானதில் வித்தியாசம் மிகக் குறைவு. இரண்டு இரவு உட்கார்ந்து பிரித்ததுக்குப் பலன் 10 மீட்டரில் தெரியவே இல்லை. பின்பக்கம் பாவாடை போல விரிந்த விளிம்பு நசுங்கியதை மட்டும் பொறுக்கி எறிந்தால் போதும்.

குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் பற்றி ஒரு வார்த்தை. அது குழலுக்கு ஏறக்குறைய 4 செ.மீ. மேலே இருக்கிறது. 15 மீட்டருக்குச் சரிசெய்து வைத்தால் 5 மீட்டரில் குண்டு 2 செ.மீ. கீழே விழும். 25 மீட்டரிலும் கிட்டத்தட்ட அவ்வளவே. பக்கத்தில்தானே என்று அலட்சியமாகச் சுட்டுத்தான் பல எலி தப்பியது.

நம் ஊர் ஈரம் இரும்பைத் தின்றுவிடும். சுட்டு முடித்ததும் வெளிப்புறத்தை எண்ணெய்த் துணியால் துடைப்பேன். சிலிண்டருக்குள் சாதாரண எண்ணெய் விட்டீர்களோ, அழுத்தத்தில் தீப்பிடித்து டப்பென்று வெடிக்கும், ஸ்பிரிங்கும் காற்று கசியாமல் காக்கும் சீலும் காலி. டப்பாவிலும் ஈரம் புகுந்தால் ஈயத்தில் வெள்ளைப் பொடி படியும், அது விஷம். குண்டைத் தொட்ட கையோடு சோற்றில் கை வைக்காதீர்கள். செத்த எலியைக் குழிதோண்டிப் புதைத்துவிடுவேன், கூகை தின்றால் ஈயம் அதன் வயிற்றுக்குள் போகும்.

மரத்தை நோக்கி மேலே சுடுவதில்லை. தவறிய குண்டு அடுத்த வீட்டு ஓட்டில் போய் விழும். மரநாய், முள்ளம்பன்றி, மயில் எது வந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்படி. மரச்சீனியை, அதாவது மரவள்ளியை, கிண்டும் காட்டுப்பன்றியும் அப்படியே. காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம் என்று 2025இல் அரசு சொன்னது வனத்துறைக்கு மட்டும், நமக்கு இல்லை. இந்தத் துப்பாக்கியால் பன்றியைச் சுட்டால் அதற்குக் கோபம்தான் வரும்.

பக்கத்து வீட்டுப் பாட்டா வேலிக்கு அப்புறம் நின்று கேட்பார், "மக்கா, இன்னிக்கு எத்தன?" போன மாதம் நான் ஆறு. கருவாட்டுத் துண்டு வைத்த அவருடைய எலிக்கூட்டில் பதினொன்று.