ஃபைனல் ஃபேன்டசி 7 ரீமேக்: இரண்டு பாகம் ஆடி முடித்தபின்

2020 ஏப்ரல் 10 அன்று ஃபைனல் ஃபேன்டசி 7 ரீமேக் என்ற வீடியோ கேமின் முதல் பாகம் வெளியானபோது நான் காரைக்குடியில் மாட்டிக்கொண்டிருந்தேன். ஊரடங்குக்கு இரண்டு நாள் முன்னால்தான் சென்னையிலிருந்து மடிக்கணினியையும் பிளேஸ்டேஷன் 4-ஐயும் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். கூரியர் ஓடவில்லை, டிஸ்க் வாங்க வழியில்லை. டிஜிட்டலாக வாங்கி இறக்கினேன். நூறு ஜிபிக்குப் பக்கம், எங்கள் வீட்டு இணையத்தில் மூன்று ராத்திரி ஆனது. "விடிய விடிய அந்தப் பெட்டியில வெளக்கு எரியுதே, அணைக்கக் கூடாதா?" என்று அப்பத்தா கேட்டுக்கொண்டே இருந்தார்.

அக்கா குடும்பமும் அப்போது எங்களோடுதான் இருந்தது. அக்கா மகன் ஐந்தாம் வகுப்பு. திரையில் வரும் ஆங்கில வசனங்களைச் சத்தமாகப் படிக்க வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் அவன் என் பக்கத்தில் உட்கார அனுமதி கிடைத்தது. நான் ஆட, அவன் படிக்க, அப்படியே 40 மணி நேரம் போனது.

1997-ல் மூன்று டிஸ்க்கில் வந்த பழைய கேமை 2015-ல் ரீமேக் செய்வதாக அறிவித்தார்கள். அந்த வருடக் கடைசியிலேயே பல பாகங்களாக வரும் என்றும் சொல்லிவிட்டார்கள். அதனால் ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன், தெரிந்துதான் வாங்கினேன். ஆனால் தெரிந்து வாங்குவது வேறு, ஐந்து வருடம் அதோடு குடித்தனம் நடத்துவது வேறு.

முதல் பாகம் முழுக்க மிட்கார் என்ற ஒரே நகரம். பழைய கேமில் ஐந்தாறு மணி நேரத்தில் கடந்துவிடும் இடம். இழுத்திருக்கிறார்கள் என்பது ஆடும்போதே தெரியும். ஆறாவது அத்தியாயத்தில் ராட்சத விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டு போவது, பதினேழில் ஹோஜோ என்ற விஞ்ஞானியின் ஆய்வகத்துக்குள் ஆளை மாற்றி மாற்றிச் சுற்றுவது எல்லாம் சாம்பாரில் ஊற்றிய தண்ணீர். ஆனால் அதே இழுவையால்தான் கதாநாயகன் கிளவுடின் கூட்டாளிகளான ஜெஸ்ஸி, பிக்ஸ், வெட்ஜ் மூவரும் ஆட்களாக மாறினார்கள். பழைய கேமில் பெயரளவுக்கு வந்து போனவர்கள். இங்கே ஜெஸ்ஸியின் வீட்டுக்கே போகிறோம், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் அப்பாவைப் பார்க்கிறோம். அதனால் நகரின் மேல்தளத்தைத் தாங்கும் தூண் உடைந்து அது கீழே இருக்கும் குடியிருப்பின் மேல் விழும்போது பக்கத்தில் படித்துக்கொண்டிருந்த குரல் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒரே கேமாக எடுத்திருந்தால் இந்த இடத்துக்கு இவ்வளவு நேரம் கொடுத்திருக்க முடியாது.

சரி, அப்புறம் என்ன? காத்திருப்பு.

2021 ஜூனில் இதே முதல் பாகம் பிளேஸ்டேஷன் 5-க்கு இன்டர்கிரேட் என்ற பெயரில் வந்தது. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு மேம்படுத்தல் இலவசம், யூஃபி என்ற பெண் வரும் கூடுதல் கதைக்கு மட்டும் தனிக் காசு. அந்தக் கதை நாலைந்து மணி நேரம்தான், நன்றாகவே இருந்தது. ஆனால் அது பழைய பெட்டியில் ஓடாது. 2022-ல் சென்னையில் ஐம்பதாயிரம் சொச்சம் கொடுத்துப் புதுப் பெட்டி வாங்கினேன். நான் ஆடியது வரை பதிந்திருக்கும் சேவ் கோப்பு மட்டும் காரைக்குடியில் இருந்த பழைய பெட்டிக்குள். பழைய கேமைத் திறந்து மெனுவிலிருந்து அதை மேலே ஏற்றினால்தான் புதியதில் இறக்க முடியும். போனில் அக்கா மகனுக்கு வழி சொன்னேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. மறுநாள் மறுபடி.

இந்தப் பங்கு போடும் விவகாரத்தை அப்பாவிடம் ஒருநாள் விளக்கினேன். எங்கள் ஊரில் முனீஸ்வரன் கோயில் தெருப் பக்கம் பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்துத் தூண், நிலை, சன்னல் என்று தனித்தனியாக விற்கும் கடைகள் உண்டு. "அந்த மாதிரியா? எல்லாத்தையும் ஒருத்தனே வாங்கிச் சேர்த்தா மறுபடி வீடாகுமா?" என்று கேட்டார். அப்போது சிரித்துவிட்டேன். 2024 பிப்ரவரி 29-ல் இரண்டாம் பாகமான ரீபர்த் வந்தபோது அந்தக் கேள்விதான் முன்னால் வந்து நின்றது.

லெவல் 50 வரை ஏற்றி, மாயச் சக்தி தரும் மெட்டீரியா கற்களைத் தேடித் தேடி வளர்த்து வைத்திருந்தேன். எதுவும் இரண்டாம் பாகத்துக்கு வரவில்லை. முதல் பாகத்தின் சேவ் இருந்தால் லெவையதன், யூஃபி கதையின் சேவ் இருந்தால் ராமு, சண்டையில் துணைக்கு ராட்சத உருவங்களை அழைக்கும் இந்த இரண்டு சம்மன் மெட்டீரியாதான் பரிசு. கரண்ட் போய் மறுபடி ஏற்றிய கோப்புக்குக் கிடைத்தது இதுதான். கதையில் சில நாள்தான் கழிந்திருக்கிறது, ஆனால் அதே கிளவுட் எல்லாவற்றையும் முதலிலிருந்து கற்றுக்கொள்கிறான். எனக்கும் எந்தப் பொத்தான் எதற்கு என்று மறந்திருந்தது. முன்கதைச் சுருக்கமாக ஒரு வீடியோ வைத்திருக்கிறார்கள். நாலு வருட மறதிக்கு அது காணாது.

ஆனாலும் ரீபர்த் முதல் பாகத்தைவிடப் பெரிய கேம், நல்ல கேமும்கூட. ஒரே நகரத்துக்குள் அடைந்து கிடந்தவர்களைத் திறந்த வெளியில் விட்டதுபோல இருக்கிறது. சாட்லி என்ற பையன் கோபுரம் கோபுரமாக ஏறச் சொல்லித் தொணதொணப்பதைப் பொறுத்துக்கொண்டால் போதும். குவீன்ஸ் பிளட் சீட்டாட்டத்தில் மட்டும் எனக்கு இருபது மணி நேரம் போயிருக்கும்.

பங்கு பிரித்த கணக்குதான் இடிக்கிறது. இரண்டு பெரிய கேம்கள் சேர்ந்து பழைய கேமின் முதல் டிஸ்க் முடிகிற இடத்துக்குத்தான், பூ விற்கும் ஏரித்தைப் பறிகொடுக்கும் இடத்துக்குத்தான், வந்திருக்கின்றன. மிச்சம் இரண்டு டிஸ்க், ஒரே பாகம். மூன்றாவது டிஸ்க் சின்னதுதான் என்றாலும், மிட்காருக்கு ஊற்றிய தண்ணீரை அங்கே ஊற்ற இடமிருக்காது. மூன்றாம் பாகத்தைப் பற்றி எனக்கு இருக்கும் பயம், முதல் முறையாக, அவசரத்தைப் பற்றியது.

இப்போது தொடங்குகிறவர்களுக்கு என் அவஸ்தை கிடையாது. இன்டர்கிரேட்டும் ரீபர்த்தும் தள்ளுபடியில் அடிக்கடி கிடைக்கின்றன, கணினியிலும் ஆடலாம். ஒன்றை முடித்த மறுநாளே அடுத்ததைத் தொடங்குங்கள். மறதி இல்லாமல் ஆடினால் தையல் அவ்வளவாகத் தெரியாது. நான் போன கோடையில் இரண்டையும் அடுத்தடுத்து ஆடிப் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன். லெவல் பூஜ்யமாகும் எரிச்சல் மட்டும் அப்போதும் இருந்தது.

ஐந்தாம் வகுப்பில் வசனம் படித்துக் காட்டியவன் ரீபர்த்தை என் உதவி இல்லாமல் தானே ஆடினான். கடைசிச் சண்டையில் நான்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னான். முடிந்ததும் அப்பத்தா உள்ளேயிருந்து, "அந்தப் பூக்காரப் புள்ளைய இப்பவாச்சும் காப்பாத்துனீகளா?" என்று கேட்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "மிச்சம் அடுத்த பாகத்துல அப்பத்தா" என்றேன். அக்கா அதைக் கேட்டுவிட்டு, அடுத்தது எப்போது வந்தாலும் சரி, இவன் பிளஸ் டூ எழுதி முடிக்கும்வரை அந்தப் பெட்டி பீரோவுக்குள்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டாள்.