எங்கள் வீட்டு சோலார்: ஐந்துக்கு நான்கு நட்சத்திரம்

திருவையாறு பக்கம் எங்கள் வீடு. தெருவிலிருந்து கொல்லை வரை நீளமான பழைய வீடு. கொல்லைக் கொட்டகை மேல் 3 கிலோவாட் சோலார் போட்டோம். அரசு மானியம் 78,000 ரூபாய் வந்துவிட்டது. வேலை சுத்தம்.

ஆனால் முதல் மாதம் உச்சிவெயிலில், சோலார் கரண்ட்டை வீட்டுக் கரண்ட்டாக மாற்றும் இன்வெர்ட்டர் நின்று நின்று ஓடியது. போன் செய்தேன், சோலார் மாட்டிக் கொடுத்த தம்பி மறுநாளே வந்தார். மீட்டரை வைத்துப் பார்த்தால் 256 வோல்ட்! டிரான்ஸ்ஃபார்மர் வாய்க்காலுக்கு அக்கரையில், நாங்கள் லைனில் கடைசி வீடு. மிச்சக் கரண்ட்டை லைனுக்குத் திருப்பி அனுப்பும்போது வோல்டேஜ் இங்கேதான் ஏறுமாம். 253 தாண்டினால் இன்வெர்ட்டர் தானாகக் கழன்றுகொள்ளும். கொல்லையிலிருந்து வாசல் வரை ஓடிய மெல்லிய ஒயரும் வோல்டேஜை ஏற்றுகிறது என்று அதைப் பிடுங்கிவிட்டுத் தடித்த ஒயர் இழுத்தார். இப்போது 249. கூலி வாங்கவில்லை. முதலிலேயே செய்திருக்கலாம், அதற்குத்தான் ஒரு நட்சத்திரம் குறைவு.

அப்புறம், கரண்ட் போனால் சோலாரும் ஏன் நிற்கிறது என்று என் மனைவி கேட்டார். தம்பி மெயினை இறக்கிக் காட்டினார். கண்மூடித் திறப்பதற்குள் இன்வெர்ட்டர் விளக்கு சிவப்பானது. "நிற்காவிட்டால் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேனுக்கு நம் வீட்டுக் கரண்ட் பாயும்மா" என்றார். புயல் காலத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று கம்பம் நட்டவர்களைப் பார்த்தவர்கள் நாங்கள். பேட்டரி இல்லாத சோலார் வாங்குகிறவர்கள் இதைக் குறை என்று எழுதாதீர்கள்.