தேவகோட்டைத் திண்ணையில் கேட்ட கேள்வி

இந்தமுறை கோயில், கல்யாணம் என்று எதுவும் இல்லை. என் தாய்மாமன், அம்மானுக்கு உடம்பு முடியவில்லை என்றுதான் தேவகோட்டைக்கு வந்தேன். 72 வயது. ராத்திரி தூக்கமில்லை, நெஞ்சு படபடக்கிறது என்கிறார்.

காரைக்குடியில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். காலை 8 மணிக்கு டோக்கன் போட்டோம். ஈசிஜி, ரத்தப் பரிசோதனை எல்லாம் 11 மணிக்குள் முடிந்துவிட்டன. அந்த வேகத்தை மனதாரப் பாராட்டுகிறேன். அப்புறம் நர்ஸ் வந்து, வராந்தாவில் அத்தனை பேர் முன்னால், “மனசுல ஏதும் கவலை இருக்காய்யா?” என்று சத்தமாகக் கேட்டார். “அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா” என்றார் அம்மான். வேறென்ன சொல்வார்? தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எனக்கு ஆறவே இல்லை.

நான் இருக்கும் கலிஃபோர்னியாவில், சிறுவயதில் பட்ட காயங்களை மருத்துவரே படிவம் கொடுத்துக் கேட்கிறார். அரசின் மெடி-கால் காப்பீட்டில் 2020 ஜனவரி முதல் இந்த ஸ்கிரீனிங்குக்கு மருத்துவருக்கு 29 டாலர் தருகிறார்கள். இதற்கெல்லாம் தொடக்கம் 1998இல் ஃபெலிட்டி, ஆண்டா என்ற அமெரிக்க மருத்துவர்களின் குழு வெளியிட்ட ஆய்வு. அடி, வசவு, வீட்டில் குடி என்று சின்ன வயதில் அதிகம் பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் இதய நோயும் மனச்சோர்வும் கூடுதலாக இருந்ததை அது காட்டியது. ஆனால் அந்தக் காயங்களை எண்ணிப் போடும் மதிப்பெண்ணை வைத்துத் தனி ஒருவரை எடைபோடக் கூடாது என்று 2020இல் ஆண்டாவே எச்சரித்து எழுதினார். அது சரிதான் என்று எனக்கு இங்கேதான் புரிந்தது. பிள்ளை கூட்டிக்கொண்டு போவதற்கு, அதாவது தத்துக்கு, அந்தப் படிவத்தில் வரியே கிடையாது. அம்மான் ஏழு வயதில் கானாடுகாத்தானிலிருந்து இந்த வீட்டுக்குச் சுவீகாரம் வந்தவர். நல்ல வீடு, சோற்றுக்கும் துணிக்கும் குறையில்லை. அதனாலேயே யாரும் அதை ஒரு காயமாக நினைக்கவில்லை, நான் உட்பட.

மறுவாரம் மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் மாத்திரை கொண்டுவரும் பெண் வந்தார். திண்ணையில் உட்கார்ந்து பிரஷர் பார்த்தார். “அக்கா, நீங்க கொஞ்ச நேரம் உள்ள இருங்க” என்று எங்களை அனுப்பிவிட்டு, அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். என்ன பேசினார்கள் என்பதைச் சாயங்காலம் அம்மானே சொன்னார். எப்போதிலிருந்து தூக்கம் வரவில்லை என்று கேட்டாராம். “இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து” என்றாராம் இவர். அன்றைக்கு ஆயா, அவரைப் பெற்றவர், திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறியதை, இதே திண்ணையில் நின்று பார்த்தாராம். என் ஆத்தாவுக்கே, கூடப் பிறந்தவருக்கே, இது தெரியாது.

கேட்டதோடு அந்தப் பெண் விடவில்லை. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். ராத்திரி தாங்க முடியாவிட்டால் டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசி உதவிக்குப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள், காசு கிடையாது என்றும் சொன்னார். காரைக்குடியில் ஒரு கதவைச் சாத்திவிட்டு இதைக் கேட்டிருந்தால், ஒரு வாரம் முன்னாலேயே தெரிந்திருக்கும்.

எனக்குச் சனிக்கிழமை விமானம். செவ்வாய்க்கிழமை சிவகங்கைக்குத் தம்பி மகன் கூட்டிப்போகிறான். டெலி மானஸின் 14416 என்ற எண்ணைக் காலண்டர் ஓரத்தில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறேன்.