கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோலாக்க எது நல்லது: பவர்டாய்ஸா, ரெஜிஸ்ட்ரியா, ஃபர்ம்வேரா?

கண்ட்ரோலை அழுத்த இடது சுண்டுவிரல் நாள் முழுக்க மூலைக்கு மடங்கி மடங்கிப் போவதுதான் பலருக்கும் வலியின் ஆரம்பம். கேப்ஸ் லாக் அந்த விரலை ஒட்டியே சும்மா கிடக்கிறது. அதைக் கண்ட்ரோலாக்கிவிடலாம் என்பதில் பேச ஒன்றுமில்லை. எந்த இடத்தில் மாற்றுவது என்பதுதான் கேள்வி. விண்டோஸில் மூன்று வழிகள்: மைக்ரோசாஃப்டின் இலவசச் செயலித் தொகுப்பான பவர்டாய்ஸ், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரி, கியூஎம்கே ஃபர்ம்வேர் (கீபோர்டுக்குள்ளேயே ஓடும், நாமே மாற்றிக்கொள்ளக்கூடிய மென்பொருள்) உள்ள கீபோர்டு. தனி கீபோர்டு வைத்திருப்பவர்களுக்கு நான் மூன்றாவதைத்தான் சொல்வேன்.

பவர்டாய்ஸின் கீபோர்டு மேனேஜர் இரண்டு நிமிட வேலை. ஒரு செயலிக்குள் மட்டும் ஷார்ட்கட்டை மாற்ற இதுவே வசதி. எந்தச் செயலி திறந்திருக்கிறது என்பது கீபோர்டுக்குத் தெரியாது.

ஆனால் அது பின்னணியில் ஓடினால்தான் மாற்றம் இருக்கும். இந்த ஒன்றுதான் எனக்கு முடிவைத் தீர்மானிக்கிறது. லாகின் திரையில் பவர்டாய்ஸ் இல்லை. கண்ட்ரோல் என்று நினைத்துப் பழக்கத்தில் தட்டினால் கேப்ஸ் லாக் விழும், பாஸ்வேர்டு தவறு என்று வரும். அட்மின் உரிமையோடு திறந்த சாளரத்தில், பவர்டாய்ஸையும் அட்மினாக ஓடவிடாதவரை மாற்றம் வேலை செய்யாது. இதைவிடத் தொல்லையானது, கேப்ஸை அழுத்திக்கொண்டிருக்கும்போதே அனுமதி கேட்கும் திரை குறுக்கிட்டால் வருவது. விரலை எடுத்த செய்தி பவர்டாய்ஸுக்குப் போய்ச் சேராமல் கண்ட்ரோல் அழுத்தியபடியே சிக்கிக்கொள்ளலாம். மவுஸ் சக்கரத்தை உருட்டினால் பக்கம் நகராமல் எழுத்து பெரிதாகிறதென்றால் காரணம் இதுதான். இரண்டு கண்ட்ரோல் விசைகளையும் ஒருமுறை தட்டிவிட்டால் சரியாகும்.

ரெஜிஸ்ட்ரி வழியில் இந்தத் தொல்லைகள் கிடையாது. ரெஜிஸ்ட்ரியில் நமக்காக எழுதித் தரும் ஷார்ப்கீஸ் என்ற செயலியில் இடப்பக்கப் பட்டியலில் கேப்ஸ் லாக், வலப்பக்கத்தில் இடது கண்ட்ரோல், ரெஜிஸ்ட்ரியில் எழுதும் பொத்தான், ஒரு ரீஸ்டார்ட். லாகின் திரையிலும் பிடிக்கும். அட்மின் உரிமை வேண்டும், இணைக்கும் எல்லா கீபோர்டுக்கும் சேர்த்தே மாறும், ஒரு விசைக்கு ஒரு வேலைதான். லேப்டாப்பின் சொந்த கீபோர்டுக்கு இது போதும்.

ஃபர்ம்வேரில் மாற்றம் கீபோர்டின் நினைவகத்திலேயே இருக்கிறது. எந்தக் கணினியில் செருகினாலும் கண்ட்ரோல் கண்ட்ரோல்தான். விண்டோஸ் தொடங்கும் முன்பே வரும் பயாஸ் திரையிலும் அப்படியே. அலுவலகக் கணினியில் எதையும் நிறுவ அனுமதி இல்லாதவர்களுக்கு இதைவிட நல்ல வழி தெரியவில்லை. கீபோர்டில் வியா (விசைகளைத் திரையில் பார்த்தே மாற்ற உதவும் கருவி) வசதி இருந்தால் குரோமில் அதன் தளத்தைத் திறந்து, கீபோர்டை இணைக்க அனுமதித்து, படத்தில் கேப்ஸைத் தொட்டு, கீழே இடது கண்ட்ரோலைத் தொட்டால் முடிந்தது.

கூடவே ஒரே விசைக்கு இரண்டு வேலை தரலாம்: தட்டினால் எஸ்கேப், பிடித்தால் கண்ட்ரோல். இங்கேதான் கவனம் வேண்டும். தட்டலா பிடித்தலா என்று முடிவு செய்யும் நேரம் இயல்பில் 200 மில்லிசெகண்ட். அதற்குள் காப்பி செய்ய வேகமாக அழுத்தி இரு விரலையும் எடுத்துவிட்டால், அது எஸ்கேப்பாகவும் வெறும் ‘சி’ எழுத்தாகவும் போகும். தேர்ந்தெடுத்த பத்தி மறைந்து அங்கே ஒரு ‘சி’ நிற்கும். பர்மிஸிவ் ஹோல்ட் அமைப்பை (கேப்ஸ் அழுத்தியிருக்கும்போதே இன்னொரு விசையைத் தட்டி எடுத்தால், நேரம் ஆகாவிட்டாலும் பிடித்ததாகவே கொள்ளும்) இயக்கினால் இது அநேகமாக நின்றுவிடும். வியா போன்றே இன்னொரு வகையான வையல் ஃபர்ம்வேர் என்றால் அமைப்புப் பக்கத்திலேயே டிக் செய்யலாம். வியா என்றால் பெரும்பாலும் ஃபர்ம்வேரைத் திரும்பக் கம்பைல் செய்ய வேண்டும். நேரத்தை எவ்வளவு குறைக்கலாம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். பத்துப் பத்தாகக் குறைத்துப் பாருங்கள்.

பராமரிப்பு என்றால் ஒன்றே ஒன்று. ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும்போது உங்கள் மாற்றங்கள் அழிந்துபோகக்கூடும். அதற்கு முன்பே வியாவிலிருந்து கோப்பாகச் சேமித்துவிடுங்கள்.

தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் எழுதுபவர்கள் அரைப்புள்ளி விசையில் கை வைக்க வேண்டாம். ஆங்கிலத்தில் அதிகம் தேவைப்படாது என்று அதை பேக்ஸ்பேஸாக்கச் சொல்வார்கள். அங்கேதான் ‘ந’ இருக்கிறது, பக்கத்து மேற்கோள் விசையில் ‘ய’.

ஃபர்ம்வேருக்கு மாறிய பிறகு ஷார்ப்கீஸில் எழுதியதை அழித்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். கேப்ஸும் கண்ட்ரோலும் இடம் மாறும்படி இரண்டிலும் வைத்திருந்தால், ஒன்றை ஒன்று ரத்து செய்து கேப்ஸ் பழையபடி கேப்ஸாகவே வேலை செய்யும்.