கூரையில் சூரிய வெந்நீர், கையில் பெர்மிட்: கலிஃபோர்னியாவில் 12 வருட அனுபவம்

எங்கள் கேரேஜில் நிற்கும் 80 கேலன் டேங்கின் பக்கவாட்டில் ஒரு பிளாஸ்டிக் உறை ஒட்டியிருக்கிறது. உள்ளே மூன்று தாள்கள்: சிட்டி ஆபீஸ் முத்திரை விழுந்த வரைபடம், ஒரு திருத்தக் குறிப்பு, இறுதிக் கையெழுத்துப் போட்ட பெர்மிட் (கட்டட வேலைக்கான அனுமதி) அட்டை. எல்லாம் 2014 வசந்த காலத்தில் வந்தவை. சூரிய வெந்நீர் போடலாமா என்று கேட்டு வருகிற நண்பர்களுக்கு நான் முதலில் இந்த உறையைத்தான் திறந்து காட்டுகிறேன். அப்புறம்தான் கூரை.

நாங்கள் இருப்பது சான் பிரான்சிஸ்கோவுக்குக் கிழக்கே, ஈஸ்ட் பே பக்கம். 1978-இல் கட்டிய ஒரு மாடி வீடு, வரிசை வரிசையாக மெல்லிய பட்டைகள் வேய்ந்த ஷிங்கிள் கூரை, நான்கு பேர் குடும்பம். கூரையில் 4க்கு 8 அடியில் இரண்டு தட்டைப் பேனல்கள். அவற்றுக்குள் ஓடுவது தண்ணீர் அல்ல, குளிரில் எளிதில் உறையாத புரோப்பிலீன் கிளைக்கால் கலவை. அது சூட்டை வாங்கிக்கொண்டு வந்து டேங்கில் இறக்கிவிட்டுத் திரும்ப மேலே போகும். டேங்கிலிருந்து வரும் வெந்நீர் பழைய 50 கேலன் கேஸ் ஹீட்டர் வழியாகக் குழாய்க்கு வருகிறது. வெயில் போதாத நாளில் மிச்சச் சூட்டைக் கேஸ் பார்த்துக்கொள்ளும். ஏப்ரல் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை அந்த ஹீட்டர் பற்றுவதே அபூர்வம். டிசம்பர், ஜனவரியில் பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள்ளலாம்.

அன்றைக்கு மூன்று பேரிடம் விலை கேட்டோம். ஒருவர், "பெர்மிட் வேண்டாம் என்றால் 800 டாலர் குறைத்துக்கொள்கிறேன், பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது" என்றார். உண்மையைச் சொன்னால் எனக்கு அது நல்ல யோசனையாகவே பட்டது. மாநில மானியத்துக்கான படிவத்தை உட்கார்ந்து முழுக்கப் படித்தது என் மனைவிதான். அப்போது சி.எஸ்.ஐ. தெர்மல் என்று ஒரு திட்டம் இருந்தது. 2010-இல் தொடங்கி 2020 வரை ஓடியது. இறுதிக் கையெழுத்து விழுந்த பெர்மிட்டின் நகல் இல்லாமல் அதில் பணம் வராது. மத்திய வரிச் சலுகை 30 சதவீதம். அதற்கு நாம் போடும் கருவி, எஸ்.ஆர்.சி.சி. போன்று சூரியக் கருவிகளுக்குத் தரச்சான்று தரும் ஓர் அமைப்பின் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். 800 டாலருக்கு ஆசைப்பட்டு அதைப்போல் பல மடங்கை விடப் பார்த்தோம். வேலையை வேறொருவரிடம் கொடுத்தோம். கலிஃபோர்னியாவில் இந்த வேலைக்கு சி-46 என்ற சோலார் லைசென்ஸ் உண்டு. கான்ட்ராக்டர் லைசென்ஸ் வாரியத்தின் தளத்தில் எண்ணைப் போட்டால் அது உயிரோடு இருக்கிறதா என்று இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். இதைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

வரைபடம் ஒருமுறை திரும்பி வந்தது. பேனலின் எடை என்ன, கூரைச் சட்டத்தின் அளவு என்ன, எத்தனை அங்குலத்துக்கு ஒரு சட்டம், போல்ட் எதில் இறங்குகிறது என்று கேட்டிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை டேப்பும் டார்ச்சுமாகப் பரணுக்குள் தவழ்ந்து போய் அளந்தேன். 24 அங்குலத்துக்கு ஒரு சட்டம். பேனல் ஒவ்வொன்றும் 50 கிலோ சொச்சம். பரப்பில் பரத்திப் பார்த்தால் சதுர அடிக்கு 2 கிலோகூட இல்லை. எடையைவிட, காற்று அடியில் புகுந்து பேனலைத் தூக்குவதுதான் அவர்கள் கவலை என்று அப்புறம் புரிந்தது. எல்லாம் சேர்ந்து மூன்று வாரம் ஆனது.

இன்ஸ்பெக்ஷன் நாளை நான் மறக்கவில்லை. வந்தவர் அறுபது வயதை நெருங்கியவர், அதிகம் பேசாதவர். ஏணியில் ஏறி, ஒவ்வொரு தாங்குகாலின் அடியிலும் இருந்த உலோகத் தகட்டின் விளிம்பைக் கைவிரலால் தடவிப் பார்த்தார். மேல்வரிசை ஷிங்கிளுக்கு அடியில் தகடு சொருகியிருக்க வேண்டும். வெறும் பசை தடவி ஒட்டியிருந்தால் இரண்டு மழைக்காலத்தில் ஒழுகும். அப்புறம் கேரேஜ். டேங்கை இரண்டு கைகளாலும் பிடித்துக் குலுக்கினார். நிலநடுக்கத்துக்காக இங்கே எந்த வாட்டர் ஹீட்டரையும் உலோகப் பட்டையால் சுவரோடு கட்ட வேண்டும், மேல் மூன்றில் ஒரு பங்கில் ஒன்று, கீழ் மூன்றில் ஒரு பங்கில் ஒன்று. அது சரியாக இருந்தது. பிறகு, டேங்கில் அழுத்தம் ஏறினால் திறந்துவிடும் ரிலீஃப் வால்விலிருந்து வெளியே போகும் குழாயின் முனையைக் குனிந்து பார்த்தார். அங்கே திருகு மரை இருந்தது.

"இதில் யாராவது ஒருநாள் மூடி போட்டுவிடுவார்கள்" என்றார். சொட்டுகிறதே என்று மூடியைத் திருகிவிட்டால் அழுத்தம் போக வழியில்லாமல் டேங்க் வெடிக்கும். குழாய் முனை வெளியே, கீழ்நோக்கி, தரையிலிருந்து 6 முதல் 24 அங்குலத்துக்குள் முடிய வேண்டும், மரை இருக்கவே கூடாது. திருத்தக் குறிப்பில் முதல் வரி அதுதான். ஒரு பத்து டாலர் குழாய்த் துண்டு! எங்கள் வீட்டில் அப்போது நான்கு வயதுப் பையன் இருந்தான்.

சமையலறைக் குழாயைத் திறந்து தெர்மாமீட்டரும் வைத்தார். கோடையில் டேங்கில் தண்ணீர் 70 டிகிரி செல்சியஸ்வரை போகும். குளிர்ந்த நீரைக் கலந்து 49 டிகிரிக்கு இறக்கும் கலப்பு வால்வு இல்லையென்றால் கை வெந்துவிடும். அது தேர்வாகிவிட்டது. இரண்டு படுக்கையறைகளில் புகை அலாரம் இல்லை என்பது இரண்டாவது வரி. 1000 டாலருக்கு மேற்பட்ட வேலைக்குப் பெர்மிட் எடுத்தால் வீட்டில் புகை அலாரமும் கார்பன் மோனாக்சைடு அலாரமும் இருக்க வேண்டும் என்பது மாநில விதி. மூன்றாவது வரிதான் நான் எதிர்பாராதது: 1994-க்கு முன் கட்டிய வீடு என்பதால் பழைய கழிப்பறைத் தொட்டி. ஒரு ஃப்ளஷ்ஷுக்கு 1.6 கேலனுக்கு மேல் போகும் தொட்டிகளை மாற்றும்படி அந்த வருட ஜனவரியில் விதி வந்திருந்தது. எங்கள் ஊரில் கண்டிப்பாகக் கேட்டார்கள். வெந்நீருக்குப் பெர்மிட் கேட்டு டாய்லெட் மாற்றினோம். செலவுக் கணக்கில் இதற்கும் இடம் விட்டு வையுங்கள்.

அந்த ஆகஸ்ட் 24 அதிகாலை 3:20-க்கு நாப்பாவில் 6.0 அளவில் நிலநடுக்கம். எங்கள் கட்டிலே ஆடியது. முதலில் குழந்தையைத் தூக்கிக்கொண்டோம், அடுத்து நான் ஓடியது கேரேஜுக்கு. 300 கிலோ தண்ணீரோடு டேங்க் அப்படியே நின்றது. அவர் குலுக்கிப் பார்த்த அந்த இடத்திலேயே கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

இனி குறைகள். 2017 கோடையில் ஐந்து வாரம் மதுரைக்குப் போனோம். வீட்டில் யாரும் வெந்நீர் செலவழிக்கவில்லை. டேங்க் நிரம்பச் சூடாகி பம்ப் நின்றுவிட்டது. மேலே பேனலில் கிளைக்கால் நாள் முழுக்கக் கொதித்தது. திரும்பி வந்து வடித்துப் பார்த்தால் சுக்குக் காப்பி நிறம். அமிலமாகிவிட்ட கிளைக்கால் செம்புக் குழாயை உள்ளிருந்தே அரிக்கும். போட்டுக் கொடுத்தவரைக் கூப்பிட்டால் அந்த எண்ணே இல்லை. மின்சாரப் பேனல் மலிந்த பிறகு வெந்நீர் வேலை செய்தவர்கள் பலர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். வேறு பிளம்பர் வந்து குழாய்களைப் பார்த்து, "எது எங்கே போகிறது என்று தெரியாமல் தொட மாட்டேன்" என்று கையைக் கட்டிக்கொண்டார். உறையிலிருந்த வரைபடத்தை எடுத்துக் கொடுத்தேன். நிரப்பும் வால்வு, வடிக்கும் வால்வு, அழுத்த அளவு, இரண்டு சென்சார்களின் இடம், எல்லாம் அதில் இருந்தன. மதியத்துக்குள் முடித்துவிட்டார். பெர்மிட்டுக்காக அன்றைக்கு வரையாமல் இருந்திருந்தால் அந்தத் தாளே பிறந்திருக்காது. இப்போதெல்லாம் ஊருக்குப் போகும் முன் பேனல்களைக் கேன்வாஸ் துணியால் மூடிவிட்டுப் போகிறோம். வருடம் ஒருமுறை, கிளைக்கால் அமிலமாகிறதா என்று பி.எச். தாளில் தொட்டுப் பார்க்கிறேன்.

2023 ஜனவரிப் பெருமழையில் கூரை ஒழுகியது. பேனல் காலடியில் அல்ல, பழைய புகைபோக்கி ஓரத்தில். முழுக் கூரையும் மாற்ற வேண்டியதாயிற்று. பேனலை இறக்கி ஏற்ற மறுபடி பெர்மிட். இந்த முறை அனுபவமே வேறு. நாங்கள் முதலில் போட்ட அதே வருடம் ஏ.பி. 2188 என்ற சட்டம் வந்தது. 2015 செப்டம்பர் 30-க்குள் எல்லா நகரமும் கவுண்டியும் சிறு வீட்டுச் சூரிய அமைப்புக்கு விரைவுப் பெர்மிட் முறை கொண்டுவர வேண்டும் என்றது அது. வெந்நீருக்கு 30 கிலோவாட் வெப்பத் திறன் வரை. சரிபார்ப்புப் பட்டியலை நிரப்பி ஆன்லைனில் ஏற்றினேன், கூடவே 2014 வரைபடத்தையும். இரண்டு நாளில் அனுமதி, ஒரே ஒரு இன்ஸ்பெக்ஷன். கட்டணத்துக்கும் இப்போது மாநில உச்சவரம்பு உண்டு: 10 கிலோவாட் வெப்பத் திறன் வரை பொதுவாக 450 டாலர். எங்களுடைய இரண்டு பேனலும் சேர்ந்து அதில் பாதிகூட வராது.

குடியிருப்புச் சங்கம் உள்ள இடத்தில் இருப்பவர்கள் பயப்பட வேண்டாம். 1978-லிருந்தே சூரிய உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பித்து 45 நாளுக்குள் எழுத்தில் மறுக்காவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே பொருள், அவர்கள் மேற்கொண்டு தகவல் கேட்டிருந்தால் தவிர. கொடுத்த தேதிக்குச் சாட்சி வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

இன்றைக்குப் புதிதாகப் போடலாமா? கூரையில் இடம் குறைவு, வெந்நீர்ச் செலவு அதிகம் என்றால் நான் இன்னும் ஆம் என்பேன். சதுர அடிக்கு இது எடுக்கிற சூட்டை மின்பேனல் தராது. ஆனால் மத்திய வரிச் சலுகை 2025 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. ஏற்கெனவே மின்பேனல் வைத்திருப்பவர்களுக்கு, சுற்றியுள்ள காற்றின் சூட்டை மின்சாரத்தால் எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் ஹீட் பம்ப் வாட்டர் ஹீட்டர் சுலபம்.

எங்கள் கேஸ் ஹீட்டருக்கும் வயதாகிவிட்டது. எங்கள் வட்டாரத்தின் காற்று மாசைக் கட்டுப்படுத்தும் அரசு அமைப்பான பே ஏரியா காற்றுத் தர மாவட்டம் 2023 மார்ச்சில் நிறைவேற்றிய விதி, 2027-லிருந்து வீட்டளவு வாட்டர் ஹீட்டர்களில் நைட்ரஜன் ஆக்சைடு வெளியிடாதவற்றையே விற்கச் சொல்கிறது. சூரிய டேங்க்கை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் பின்னால் ஹீட் பம்ப் மாட்டப்போகிறோம். 240 வோல்ட் லைன் இழுக்க வேண்டும். பழைய வரைபடத்தில் கேஸ் ஹீட்டர் இருந்த கட்டத்தை மட்டும் மாற்றி வரைந்து, விண்ணப்பத்தைப் போன வியாழக்கிழமை ஏற்றிவிட்டேன்.