ஸ்தூபி வடிவமா, குகை வழியா? அமன்ஜிவோவும் கண்டலமவும்

புத்த மத ஸ்டைல் ஹோட்டல்னாலே பாதி பேருக்கு ரிசப்ஷன்ல ஒரு புத்தர் தலை, முன்னாடி உருளியில தாமரை, முடிஞ்சது. அத விடுங்க. யோசிச்சு கட்டினது ரெண்டு இருக்கு, ரெண்டுமே பெரிய புத்த தலத்துக்கு பக்கத்துல, ரெண்டுமே தொண்ணூறுகள்ல வந்தது, ஆனா போன ரூட்டு நேர் எதிர்.

ஜாவாவுல அமன்ஜிவோ. 1997, ஆர்க்கிடெக்ட் எட் டட்டில். ஜிவோன்னா நம்ம ஜீவன் தான். போரோபுதூர்ங்கற பழைய பெரிய புத்த ஸ்தூபிய எதிர்ல வச்சுக்கிட்டு அதோட வடிவத்தையே எடுத்துட்டாரு, நடுவுல மணி மாதிரி டோம், சுத்தி பிறை மாதிரி வளைஞ்சு 36 சூட். உள்ள வந்து நேரா பாத்தா தூணுக்கு நடுவுல தூரத்துல போரோபுதூர். அழகு, சந்தேகமே இல்ல. ஆனா ஒண்ணு உறுத்துது. ஸ்தூபின்னா பொதுவா உள்ள நுழையற இடமே இல்ல, வெளிய வலம் வரணும். போரோபுதூர்லயும் அப்படித்தான், கீழ சதுர அடுக்குல சிற்பம் பாத்துக்கிட்டே சுத்தி சுத்தி ஏறி, மேல வட்ட அடுக்குல சிற்பமெல்லாம் நின்னு போய் வெறும் 72 ஸ்தூபியும் வானமும், அந்த நடைதான் விஷயமே. இங்க அந்த மணிக்கு அடியில போய் சொகுசா உக்காந்துக்கறோம். வடிவம் வந்துச்சு, நடை வரல.

இலங்கையில கண்டலம, ஆர்க்கிடெக்ட் ஜெஃப்ரி பாவா, 1994, 152 ரூம். சிகிரியா பாறைக் கோட்டை பக்கத்துல காட்டின இடத்த வேணாம்னுட்டு தள்ளி வந்து கண்டலம குளத்தோரமா ஒரு பாறையில ஒட்டிக் கட்டினாரு, இப்ப குளத்துக்கு அந்தப் பக்கம் தூரத்துல சிகிரியா தெரியுது. டோம் கிடையாது, கலசம் கிடையாது, மொட்ட மாடி, கான்கிரீட் சட்டம், மேல கொடி படர்ந்து பாதி பில்டிங்க காணோம். ஆனா நுழையறப்ப பாருங்க, பாறை அப்படியே நிக்குது, அத ஒட்டி குகை மாதிரி ஒரு வழி, கொஞ்சம் இருட்டு, திரும்பினா பளிச்னு குளம். பக்கத்துல தம்புள்ளை குகைக் கோயில், பிக்குகள் தங்கின இடம். அந்த மாதிரி குகைங்கள்ல பாறை நெத்தியில ஒரு கோடு வெட்டி விட்டிருப்பாங்க, மழைத்தண்ணி உள்ள வழியாம அங்கயே சொட்டிரும், அவ்ளோதான் கட்டடக்கலை. பாவா பண்ணினதும் கிட்டத்தட்ட அதே, பாறை முதல்ல, மனுஷன் அப்புறம். காமெடி என்னன்னா இத கட்டறப்பதான் பிக்குகளே எதிர்த்துப் போராட்டம் பண்ணினாங்க.

மூணாவதா தாய்லாந்து சியாங் மாய்ல தாரா தேவி ஹோட்டல், கோயில் கூரை, அரண்மனை எல்லாத்தையும் காப்பி அடிச்சு எழுப்பினது, கோயில் வடிவத்த ஹோட்டலுக்கு எடுக்கறதான்னு அந்த ஊர்லயே சண்டை, 2020ல மூடியாச்சு. போட்டியிலயே இல்ல.

என் ஓட்டு கண்டலமவுக்குத்தான். அங்க படிக்கட்டு மேல ஒரு பெரிய சிற்பம் தொங்குது, லக்கி சேனநாயக்க செஞ்சது. புத்தர் இல்ல, றெக்க விரிச்ச ஆந்தை.