மெழுகுப்புழு வாங்கப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

டர்பனில் டரான்டுலா என்ற பெரிய சிலந்தியை வளர்க்கிற நம்மவர்கள் கொஞ்சம் பேர்தான். ஒருவருக்கு நடந்தது இன்னொருவர் காதுக்கு எட்டுவதே இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

என்னிடம் இருந்தது சிலி ரோஜா வகைப் பெண் சிலந்தி. செல்லி என்று கூப்பிடுவோம். நான்கு வருடமாக, பத்து நாளைக்கு ஒரு சுவர்க்கோழி கொடுத்து வந்தேன். ஒரு குறையும் இல்லை. புரட்டாசி பிறந்த வாரம் சுவர்க்கோழி கிடைக்கவில்லை. தெரிந்தவர் ஒருவர், மெழுகுப்புழு விற்கிறவரின் வாட்ஸ்அப் எண்ணைக் கொடுத்தார். எடுத்ததும் "வணக்கம் தம்பி" என்றார் அந்த ஆள். நான் இங்கே டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் பிறந்து வளர்ந்தவன். வீட்டுக்கு வெளியே ஒருவர் தமிழில் நாலு வார்த்தை பேசினாலே மனசு இளகிவிடும். வேறெதையும் விசாரிக்காமல் நம்பிவிட்டேன்.

பெட்ரோல் கராஜ் வாசலில் டப்பாவைக் கொடுத்தார். 50 புழு, 120 ராண்ட். "தினமும் மூணு போடுங்க தம்பி, சுவர்க்கோழியே வேண்டாம். சீக்கிரம் பெருசாயிடும்."

அவர் சொன்ன பொய் இதுதான். மெழுகுப்புழு தேன்கூட்டின் மெழுகையும் மகரந்தத்தையும் தின்று வளரும் அந்துப்பூச்சியின் புழு. அதன் எடையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கொழுப்பு. சுவர்க்கோழியில் அது 7% அளவுதான். பண்டிகைக்கு லட்டு கொடுப்பதுபோல, மாதம் ஒன்றிரண்டு முறை கொடுத்தால் போதும். மெலிந்துபோன சிலந்தியைத் தேற்றவும் உதவும். வளர்ந்த பெண்ணுக்கு இதையே தினமும் போட்டால் வயிறு மட்டும்தான் ஊதும். புழு விற்பதையே தொழிலாகச் செய்கிறவருக்கு இது தெரியாமல் இருக்காது. தினமும் மூன்று என்றால் மாதத்துக்கு இரண்டு டப்பா விற்கும், அவ்வளவுதான் அவர் கணக்கு.

வீட்டில் திறந்து பார்த்தால் மூன்றில் ஒரு பங்கு கருத்துச் சுருங்கி நாறிக் கிடந்தது. படம் எடுத்து அனுப்பினேன். "அது கூடு கட்டப் போகுது, அதான் கறுப்பு" என்று பதில் வந்தது. கூடு கட்டுகிற புழு வெள்ளை நூலால் தன்னைச் சுற்றிக்கொள்ளும். உள்ளே இருக்கும் கூட்டுப்புழு செம்பழுப்பாக இருக்கும். கருத்து, மெத்தென்று நாற்றமடித்தால் அது செத்த புழு. அன்றைக்கு எனக்கு அது தெரியாது.

டப்பாவை ஃப்ரிட்ஜில் வைக்கப் பார்த்தேன். "புரட்டாசியில கறியே வைக்கல, புழுவ வைப்பியா?" என்று ஆயா விடவில்லை. நல்லவேளை. ஃப்ரிட்ஜ் குளிரில் நாள்கணக்காக இருந்தால் உயிரோடு இருப்பவையும் செத்துவிடும். 13 முதல் 16 டிகிரி வரை குளுமையான இடம்தான் அவற்றுக்குச் சரி.

செல்லி ஆவலாகத் தின்றாள். இரண்டாவது டப்பாவும் வாங்கினேன். மூன்று வாரத்தில் வயிறு தரையில் உரசுகிற அளவுக்குப் பெருத்துவிட்டது. சுவர்க்கோழி மறுபடி கிடைத்தபோது அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரிடமே கேட்டேன். "நல்லா சாப்பிடுறான்னு அர்த்தம். இன்னும் ஒண்ணு சேர்த்துப் போடுங்க" என்றார். கால்கள் முளைத்திருக்கும் முன்பாதியான தலைநெஞ்சுப் பகுதியைவிட வயிறு ஒன்றரை மடங்குக்கு மேல் பெருத்தால் தீனியை நிறுத்த வேண்டும் என்பது அனுபவமுள்ளவர்கள் வைத்திருக்கும் கணக்கு. அவர் அதைச் சொல்லவே இல்லை.

ஒரு நாள் இரவு கண்ணாடிச் சுவரில் ஏறியவள், கல் கிண்ணத்தின் விளிம்பில் விழுந்தாள். வயிறு கிழிந்து வெளிர்நீல நீர் கசிந்தது. மேசீனா என்ற சோள மாவை அப்பி அடைக்கப் பார்த்தேன். விடியும் முன் போய்விட்டாள். கூண்டுக்குள் கல் கிண்ணம் வைத்தது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த எடையோடு விழாமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்றே நம்புகிறேன்.

அவருக்கு எழுதினேன். முதலில் "சிலந்திக்கு வயசாயிருக்கும்" என்றார். இந்த வகைப் பெண் இருபது வருடம்கூட வாழும் என்றேன். உடனே என் எண்ணைத் தடுத்துவிட்டார். செத்த புழுவுக்குக்கூட ஒரு ராண்ட் திரும்பி வரவில்லை.

வாங்குகிறவர்கள் டப்பாவை அங்கேயே திறந்து பாருங்கள். புழு பால்வெள்ளையாக இருக்க வேண்டும், தொட்டால் நெளிய வேண்டும். கொடுக்கும்போது இடுக்கியில் பிடித்துக் கொடுங்கள். சும்மா விட்டால் மண்ணுக்குள் புகுந்துவிடும். தோல் உரிக்கும் சமயத்தில் உயிருள்ள எந்த இரையும் கூண்டில் இருக்கக் கூடாது. பேசியதையெல்லாம் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவின் 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தொழிலாக விற்பவரிடம் வாங்கிய பொருள் கெட்டிருந்தால் 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். நான் பணத்தைக் கையில் கொடுத்தேன், ரசீது கேட்கவில்லை.

போன வாரம் வேறொரு எண்ணிலிருந்து ஒரு விளம்பரம் வந்தது. அதே நீல மூடி டப்பா, அதே படம், "தினசரி உணவு" என்ற அதே வரி. முதல் வார்த்தை "வணக்கம்".